சுவருக்குள் நிற்கும் வெள்ளம்

வெள்ளம் வடிந்ததும் செய்தியும் வடிந்துவிடுகிறது. படகுகள் திரும்பிப் போகின்றன, உணவுப் பொட்டலம் நிற்கிறது, பள்ளிக்கூடம் திறக்கிறது. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் பள்ளிக்கரணையிலும் தரைத்தளத்தில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அடுத்த கட்டம் அங்கேதான் தொடங்குகிறது. சேற்றை வாரிக் கொட்டி, பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்துக் கழுவிய பிறகும் வீட்டில் ஒரு வாடை நிற்கும். சில நாளில் பீரோவை நகர்த்திப் பார்த்தால் அதன் முதுகெல்லாம் சாம்பல் பச்சையாகப் புள்ளிகள். பூஜை அறைப் படங்களின் கண்ணாடிக்குள், தோல் செருப்பின் மேல், பட்டுப்புடவையின் மடிப்பில், பிள்ளைகளின் புத்தகப்பையில் பூசணம்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். 2024 நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 51 சென்டிமீட்டர். வானத்திலிருந்து விழுந்த தண்ணீருக்கு இப்படிக் கணக்கு வைத்திருக்கிறோம். வீட்டுச் சுவர் குடித்த தண்ணீருக்கு எந்த நிவாரணப் பட்டியலிலும் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு செங்கல் மூன்று கிலோ எடை. 24 மணி நேரம் ஊறவைத்தால் நல்ல செங்கல்கூடத் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. வீட்டுக்குள் மூன்றடித் தண்ணீர் நின்றது, ஒன்பது அங்குலச் சுவர், நீளம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். நனைந்த பகுதியில் ஏறத்தாழ 300 செங்கல் இருக்கும். ஒவ்வொன்றும் கால் லிட்டர் மட்டும் குடித்தது என்றாலும் 75 லிட்டர். இது ஒரே ஒரு சுவர். இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை என்று பெருக்கினால், தரையைத் துடைத்து முடித்த வீட்டின் சுவர்களுக்குள் பல நூறு லிட்டர் தண்ணீர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அந்தத் தண்ணீர் வெளியேற ஒரே வழி, சுவரின் மேற்பரப்பு வழியாக மெல்ல மெல்லக் காற்றில் கலப்பதுதான். கனம் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கட்டடத் துறையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் காற்றுப் படும் சுவர் சீக்கிரம் காயும். ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருந்தால் இன்னும் தாமதமாகும். எப்படிப் பார்த்தாலும் வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோதான் ஆகும்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? டிசம்பரில் வெள்ளம் வடிகிறது, ஜனவரி நடுவில் பொங்கல். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் பொங்கலுக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும். “பட்டி பார்த்து, ப்ரைமர் அடிச்சு, ரெண்டு கோட் பெயின்ட் போட்டா தெரியவே தெரியாதுங்க” என்கிறார் பெயின்டர். அவர் சொல்வது உண்மைதான், சில மாதங்களுக்குத் தெரியாது. இன்று பெரும்பாலான வீடுகளில் அடிக்கப்படும் எமல்ஷன் பெயின்ட் காய்ந்ததும் பிளாஸ்டிக் படலமாகிவிடுகிறது. ஈரச் சுவரின் மேல் அதை அடிப்பது, தண்ணீரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதற்குச் சமம். உள்ளே சிக்கிய ஈரம் பெயின்டைக் கொப்புளமாக உப்ப வைக்கும், பட்டியைப் பொடியாக்கும், படலத்துக்கு அடியில் பூசணத்தை வளர்க்கும். டைல்ஸ் ஒட்டினாலும் பி.வி.சி. பலகை அடித்தாலும் இதே கதைதான். வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே இன்னும் உயரத்தில் போய்க் கறை காட்டும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சுவர் காய்ந்தது உறுதியாகும்வரை எதையும் அடிக்காதீர்கள், ஒட்டாதீர்கள். உறுதி செய்துகொள்ள ஒரு பாலிதீன் தாள் போதும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு உரித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கருத்திருந்தாலோ சுவருக்குள் ஈரம் இருக்கிறது. சில பெயின்டர்களிடம் ஈரம் அளக்கும் சிறு கருவியும் உண்டு. கேட்டு வாங்கிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

பொங்கலுக்கு முன் அடித்த சுண்ணாம்பு

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தைப் பண்டிகை அலங்காரமாக மட்டும் பார்ப்பது குறை என்று நினைக்கிறேன். சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் 140 சென்டிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அந்த மழை முடிந்த கையோடு, தை பிறப்பதற்கு முன், சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். அளவில் 12-க்கும் மேல். அதில் பூசணம் வளர முடியாது. அதே சமயம் சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. சுவருக்குள் இருக்கும் ஈரம் அவற்றின் வழியாக வெளியேறிவிடும். காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேரச் சேர அந்தக் காரம் குறைந்துகொண்டே வரும் என்பதால், ஆண்டுதோறும் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது.

மொட்டை மாடியிலும் அப்படித்தான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள் கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். அந்தத் தட்டும் வேலைக்கு இன்று ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை.

பழைய வீடெல்லாம் ஓதமே காணாதது என்று சொல்லவில்லை. மண்சுவர் வீடுகள் ஒரே வெள்ளத்தில் சரிந்ததை டெல்டா மாவட்டங்களில் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். ஆனால் நனைந்தால் காயும்படி வீடு கட்டும் அறிவு நம்மிடம் இருந்தது. இப்போது சிமெண்டும் பிளாஸ்டிக் பெயின்டும் சேர்ந்து, நனைந்தால் காயாத வீட்டைத் தந்திருக்கின்றன. வெள்ளம் அடிக்கடி வரும் பகுதியில் தரைத்தளத்துக்கு மட்டுமாவது, பழைய எமல்ஷனை முழுக்கச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கலாம். பளபளப்பு இருக்காது, கை பட்டால் வெள்ளை ஒட்டும். ஆனால் சுவர் காயும்.

பூசணத்துக்கு எது சாப்பாடு?

பூசணத்தின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதக்கின்றன. அவற்றை முழுவதும் ஒழிக்க முடியாது. ஈரமும் உணவும் சேர்ந்து கிடைத்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முளைக்கத் தொடங்கிவிடும். உணவு என்றால் காகிதம், பஞ்சு, பிளைவுட், தோல், பசை, சுவரில் படிந்த அழுக்கு. இன்றைய அடுக்குமாடி வீட்டில் இந்த உணவு முன்னெப்போதையும்விட அதிகம். மாடுலர் கிச்சனின் துகள் பலகை, ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் அட்டை மேல் ஒட்டிய காகிதம், சுவரோடு சேர்த்து அறைந்த வார்ட்ரோப் எல்லாம் அதற்கு விருந்து. கருங்கல்லையும் கடப்பா கல்லையும் அடுக்கிய பழைய சமையலறையில், வெள்ளம் வடிந்தபின் கழுவிவிட்டுப் பாத்திரத்தைத் திரும்ப அடுக்கலாம். ஊறி உப்பிய துகள் பலகையைக் கழற்றி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணம் அல்ல. செங்கல்லிலும் மணலிலும் இருக்கும் உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து படிவதும் உண்டு. அது தண்ணீர் தெளித்தால் கரையும், தொட்டால் பொடியாக உதிரும். பூசணம் கரையாது, வாடை அடிக்கும், தொட்டால் ஈஷிக்கொள்ளும். உப்பு நோய் தராது. ஆனால் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு இரண்டுமே சாட்சி.

இன்னொரு பயத்தையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கண்ணையும் உயிரையும் பறித்த கருப்புப் பூஞ்சை நோய், மியூகார்மைகோசிஸ். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு சிகிச்சையும் சேர்ந்தவர்களை அது அதிகம் தாக்கியது. குளியலறை மூலையில் கருப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற வேறு வகைகள். அதைப் பார்த்து அலற வேண்டாம். அலட்சியமும் வேண்டாம். ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, மூச்சுக்குழாய்த் தொற்று, ஆஸ்துமா தீவிரமாதல் ஆகியவை கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொன்னது. இவ்வளவு பூசணம் வரை பரவாயில்லை என்று ஒரு பாதுகாப்பான அளவை அது வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுங்கள், பூசணத்தை அகற்றுங்கள் என்பதே அதன் பரிந்துரை.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் பூசணம் படர்ந்திருப்பதைப் பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் செய்தும் தீர்வு கிடைக்கவில்லை. நீண்ட காலம் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த சுவாசக் கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், அங்கே சமூகக் குடியிருப்புகளை வாடகைக்கு விடும் அமைப்புகள், கடுமையான ஈரமோ பூசணமோ இருப்பதாகத் தெரியவந்தால் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். குளிர் நாட்டுப் பிரச்சினை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. “வீட்டுக்குள்ள துணி காயப் போடறீங்க, ஜன்னலைத் திறக்கறதில்ல, அதான்” என்று குடியிருப்பவர் மேலேயே பழியைப் போடுவது நம் ஊரிலும் அன்றாடம் கேட்கும் பேச்சு.

கழுவும்போது

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். சுவருக்குள் பதித்த வயரிங் பைப்பில் தண்ணீர் நிற்கும். எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை ஃபிரிட்ஜையோ மோட்டாரையோ போட்டுப் பார்க்கும் சோதனை வேண்டாம். சேற்றை வாருவதற்கு முன்பே சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் பொருள்களையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அதுதான் ஆதாரம்.

அடுத்து, எதை எறிவது என்ற முடிவு. மனசு ஒப்பாத வேலை இது. வெள்ள நீர் வெறும் மழை நீர் அல்ல, சாக்கடையும் கலந்தது. 2023-இல் எண்ணூர்ப் பக்கம் ஆலைக் கழிவு எண்ணெயும் கலந்து வீட்டுச் சுவர்களில் படிந்தது. அந்தத் தண்ணீரில் ஊறிய மெத்தை, தலையணை, சோபா எதையும் காப்பாற்ற முயல வேண்டாம். இலவம் பஞ்சை வெயிலில் உலர்த்தித் திரும்ப அடைப்பது நம் வீடுகளில் பழகிய வேலைதான். மழைச்சாரலில் நனைந்த மெத்தைக்கு அது சரி, சாக்கடை ஏறிய மெத்தைக்குச் சரியில்லை. எவர்சில்வர், கண்ணாடி, கெட்டி மரம், பிளாஸ்டிக் ஆகியவற்றைச் சோப்புத்தண்ணீரில் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவைத்தால் போதும். சான்றிதழும் பத்திரமும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க அவசரப்படாமல், கரண்ட் இருக்கும் உறவினர் வீட்டு ஃபிரீசரில் பாலிதீன் பையில் வைத்துவிடுங்கள். உறைந்த காகிதத்தில் பூசணம் வளராது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக உலர்த்தலாம்.

பூசணம் பிடித்த சுவரைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் நம் பெயின்டர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. ஒரு சுவரில் இருந்த வித்துகள் அதனால் வீடு முழுக்கப் பரவும். முதலில் அவருடைய நுரையீரலுக்குள்தான் போகும். அவருக்கு ஒரு என்-95 முகக்கவசமும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை. ஃபேனை அணைத்துவிட்டு, சுவரை நனைத்து, சோப்புத்தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு சுரண்ட வேண்டும். சிமெண்ட் பூச்சைத் தட்டிப் பார்த்து வெற்றுச் சத்தம் வந்தால், கொத்தனாரை வைத்து அந்தப் பகுதியைக் கொத்தியெடுத்துச் செங்கல்லைக் காற்றாட விடுவது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கக் கூடாது.

பிளீச்சிங் பவுடர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு தெருத்தெருவாகத் தூவுகிறார்கள், வீட்டுக்கும் கிடைக்கிறது. டைல்ஸ் தரைக்கும் குளியலறைக்கும் அது பயன்படும். நுண்துளை உள்ள சுவரில் கறையின் நிறத்தைப் போக்குமே தவிர, உள்ளே ஊடுருவிய பூசணத்தை எட்டாது. செத்த பூசணமும் ஒவ்வாமை தரும் என்பதால் கொல்வது மட்டும் போதாது, துடைத்து அகற்ற வேண்டும். இதைவிட முக்கியம்: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் கழிவறை ஆசிட்டை ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய சின்னக் குளியலறையில் அது உயிரையே பறிக்கலாம். பளிச்சென்று ஆகட்டும் என்று இரண்டையும் கலக்கும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

காயவைப்பதில் காற்றோட்டம்தான் எல்லாம். பூசணத்தைத் துடைத்தெடுத்த பிறகு ஃபேனை ஓடவிட்டு, பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து அரையடியாவது தள்ளிப் போடுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணம் வளரத் திணறும். கார்த்திகை, மார்கழியில் சென்னைக் காற்றில் அது பல நாள் 80-ஐ ஒட்டியே இருக்கும். மழை நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும்; ஏ.சி. இருந்தால் ஜன்னலை மூடிவிட்டு ‘ட்ரை’ நிலையில் ஓட்டலாம். வெயில் முகம் காட்டும் நாளில் எல்லா ஜன்னலையும் அலமாரிக் கதவையும் திறந்து போட்டுவிடுங்கள்.

வெள்ளமே வராத வீட்டில்

மூன்றாவது மாடியில் ஓதம் அடித்தால் தண்ணீர் வேறு எங்கிருந்தோ வருகிறது. மொட்டை மாடி விரிசலாக இருக்கலாம், ஜன்னல் சன்ஷேடாக இருக்கலாம். அடுக்குமாடிகளில் பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறையின் சங்கன் ஸ்லாப்தான் காரணம். தரைக்கு அடியில் பள்ளமாக விட்ட அந்தத் தளத்தில் பைப் மூட்டு கசிந்தால், தண்ணீர் தேங்கி நின்று கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். கறை தெரியும் இடமும் ஒழுகும் இடமும் பல நேரம் வேறு வேறு. மழை இல்லாத மாதத்திலும் கறை வளர்ந்தால் பைப். மழையோடு வளர்ந்தால் மாடியோ வெளிச்சுவரோ. இதைக் கண்டுபிடிக்காமல் கீழ்வீட்டில் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு அடிப்பது வீண் செலவு.

புது ஃபிளாட் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி, சாவி வாங்கிய ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையையும் வேலைத்தரக் குறையையும் கட்டுநர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் புகார் கொடுங்கள், தேதியோடு படம் வையுங்கள். வாடகை வீட்டில் கட்டமைப்புப் பழுதும் வெள்ளையடிப்பும் பைப் மாற்றுவதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. குடியிருப்பவர் வீணாக்கிய பழுதுக்கு அவரே பொறுப்பு. காப்பீட்டில், 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வெள்ளத்தையும், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வரும் சேதத்தையும் ஏற்கிறது. நாள்பட்ட கசிவுக்கு அதில் எதிர்பார்க்க முடியாது.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. “முடியலைன்னா காலி பண்ணிக்கோங்க” என்ற ஒரு வார்த்தையில் அது அடிபட்டுப் போகிறது. சுவர் காயும்வரை இரண்டு மாதம் வேறு இடத்தில் தங்க வசதி உள்ளவர்கள் சிலர்தான். மற்றவர்கள் ஈரச் சுவரை ஒட்டிப் பாய் விரித்து அங்கேயே படுக்கிறார்கள், கைக்குழந்தையோடும் முதியவர்களோடும். 2015-இல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், குடிசை இழந்தவர்களுக்கு 10,000. மிக்ஜாமுக்குப் பிறகு 6,000 ரூபாய். அரிசிக்கும் பாத்திரத்துக்குமே போதாத தொகையில் சுவரை யார் காயவைப்பது?

செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரிய செலவும் இல்லை. வடிகால் மோட்டார் பம்புகளை வார்டு வாரியாகத் தயார் வைக்கும் மாநகராட்சி, ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களையும் பெரிய ஃபேன்களையும் அதே போல வாங்கி வைத்துத் தாழ்வான பகுதிகளுக்குச் சுழற்சியில் கொடுக்கலாம். சேதக் கணக்கெடுக்க வருபவர் கையில் ஈரம் அளக்கும் கருவி ஒன்று இருந்தால், சுவரின் நிலையும் படிவத்தில் ஏறும். வீட்டு உரிமையாளர்கள் அந்த இரண்டு மாத வாடகையைக் குறைத்துக்கொண்டு, பெயின்டைத் தள்ளிப்போடலாம். வெள்ளத்துக்குப் பின் நடக்கும் மருத்துவ முகாம்களில் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் கேட்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் இன்னொரு முகாம் போட்டு, இருமலோடு வரும் குழந்தையின் தாயிடம் “வீட்டுச் சுவர் காய்ஞ்சிடுச்சாம்மா?” என்று கேட்கத் தொடங்க வேண்டும்.